திட்டம் யாருடையது? பணம் யாருடையது?
ஆப்பிரிக்க வளர்ச்சியில் உலக அமைப்புகளும் ஆப்பிரிக்க ஒன்றியமும்

2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு நடந்தபோது தில்லியில் இருந்த நமக்கெல்லாம் நினைவில் நிற்பது மூடிய கடைகளும் அடைத்த சாலைகளும்தான். ஆனால் அந்த மாநாட்டின் முதல் நாளான 9-ஆம் தேதி நடந்த ஒரு காரியம் சரித்திரத்தில் நிற்கக்கூடியது. அதுவரை 19 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் மட்டுமே அமர்ந்திருந்த அந்த மேஜையில் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கும் நிரந்தர இடம் கொடுக்கப்பட்டது. அப்போது ஒன்றியத்தின் தலைவராக இருந்த கொமொரோஸ் தீவுகளின் அதிபர் அசாலி அசோமானி, 55 நாடுகளின் சார்பில் வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

அந்தச் சமயத்தில் நம் சங்கத்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், ஐ.நா. சபை இருக்கு, உலக வங்கி இருக்கு. அதுக்கு மேல ஆப்பிரிக்காவுக்குன்னு தனியா ஒரு ஒன்றியம் எதுக்கு? ரெண்டு பேரும் ஒரே வேலையைத்தானே செய்யறாங்க?"

நியாயமான கேள்விதான். உத்தியோக காலம் முழுவதையும் வரவு செலவுக் கணக்கு பார்ப்பதிலேயே கழித்தவன் நான். எந்தக் கூட்டு வேலையைப் பார்த்தாலும் எனக்கு மூன்று கேள்விகள்தான் முதலில் தோன்றும். திட்டம் போட்டது யார்? பணம் கொடுப்பது யார்? கடைசியில் கணக்குக் கேட்பது யார்? ஆப்பிரிக்காவில் உலக அமைப்புகளும் அந்தக் கண்டத்தின் சொந்த அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலைகளை இந்த மூன்று கேள்விகளால் உரசிப் பார்த்தால், எது தேறியது, எது தேறவில்லை, ஏன் என்பது ஓரளவுக்குப் புரிந்துவிடும். அதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

ஒரே ஊரில் இரண்டு வீடு

எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா. 1958-இல் ஐ.நா. சபை ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு பொருளாதார ஆணையத்தை அமைத்தபோது அதற்கு இடம் கிடைத்தது இந்த ஊரில். பேரரசர் ஹெய்லி செலாசி கட்டிக் கொடுத்த 'ஆப்பிரிக்கா மண்டபம்' 1961-இல் திறக்கப்பட்டது. அதே மண்டபத்தில்தான் 1963 மே 25 அன்று 32 சுதந்திர நாடுகள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கின. அதுவே பின்னர் உருமாறி, 2002-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆப்பிரிக்க ஒன்றியமாகத் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆக, உலக அமைப்பின் கிளையும் கண்டத்தின் சொந்த அமைப்பும் பிறந்த நாளிலிருந்தே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். மூன்றாவதாக ஒருவரும் உண்டு. 1964-இல் உருவான ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி. இதன் தலைமையகம் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகரில். ஆரம்பத்தில் ஆப்பிரிக்க நாடுகள் மட்டுமே இதில் பங்குதாரர்கள். மூலதனம் போதாமல் 1982-இல் வெளி நாடுகளுக்கும் கதவைத் திறந்தார்கள். அடுத்த வருஷமே, அதாவது 1983-இல், இந்தியாவும் உறுப்பினரானது. 2017 மே மாதத்தில் இந்த வங்கியின் ஆண்டுக் கூட்டம் குஜராத்தின் காந்திநகரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

ஆற்றோரத்து இருட்டு

முதலில் ஒரு வெற்றிக் கதையைப் பார்ப்போம். மேற்கு ஆப்பிரிக்காவில் வேகமாக ஓடும் ஆறுகளின் ஓரத்தில் ஒருவகைச் சிறு கருப்பு ஈ முட்டையிடும். அது கடித்தால் நுண்ணிய புழுக்கள் உடம்புக்குள் போய், தோலில் தாங்க முடியாத அரிப்பைக் கொடுத்து, வருஷக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். இதற்கு 'ஆற்றுக் குருடு' என்றே பெயர். வயதானவர் கையில் ஒரு கோல், கோலின் மறுமுனையை ஒரு சிறுவன் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பான். ஆற்றங்கரையில்தான் நல்ல விளைநிலம். ஆனால் கண்ணுக்குப் பயந்து ஊர் ஊராக ஜனங்கள் அந்த நிலத்தை விட்டுவிட்டு மேட்டுக்காட்டுக்குப் போய்விட்டார்கள். நோயும் வறுமையும் கைகோத்துக்கொண்டன.

1972-இல் உலக வங்கியின் தலைவர் ராபர்ட் மக்னமாரா அப்போதைய அப்பர் வோல்டா நாட்டுக்கு, இன்றைய பெயரில் புர்கினா ஃபாஸோவுக்கு, போனபோது இதை நேரில் பார்த்தார். 1974-இல் உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உணவு வேளாண்மை நிறுவனம் ஆகிய நான்கும் ஏழு நாடுகளோடு சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. பின்னர் இது 11 நாடுகளுக்கு விரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்த ஈ காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். அதற்குப் பாஸ்போர்ட், விசா ஏது? ஒரு நாடு மட்டும் தன் ஆற்றில் மருந்து தெளித்துப் பிரயோஜனம் இல்லை. பக்கத்து நாட்டு ஈ இரண்டு நாளில் வந்துவிடும். ஆகையால் பல நாடுகள் ஒரே நேரத்தில், ஒரே முறையில் வேலை செய்தாக வேண்டும். அதோடு உடம்புக்குள் போன பெரிய புழு பத்துப் பதினைந்து வருஷம் உயிரோடு இருக்கும். அதனால் ஐந்து வருஷத் திட்டம் போட்டு, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. 1974-இல் தொடங்கிய வேலை 2002 வரை, 28 வருஷம் தொடர்ந்தது. ஹெலிகாப்டரிலிருந்து ஆறுகளில் மருந்து தெளித்தார்கள். 1987-இல் மெர்க் நிறுவனம் ஐவர்மெக்டின் மாத்திரையை, தேவைப்படும் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது.

அடுத்த கட்டமாக 1995-இல் கண்டத்தின் மற்ற நாடுகளுக்கும் வேறொரு திட்டம் வந்தது. அதில் மாத்திரை கொடுக்கும் ஆளைக் கிராமத்து ஜனங்களே தேர்ந்தெடுத்தார்கள். எடை பார்க்கத் தராசு கிடையாது. உயரத்தை அளக்கும் ஒரு கோலை நிறுத்தி, ஆளின் உயரத்துக்கேற்ப எத்தனை மாத்திரை என்று முடிவு செய்தார்கள். வருஷத்தில் எந்த மாதம் கொடுப்பது என்பதைக்கூட ஊர்தான் தீர்மானித்தது. முதல் திட்டம் முடிந்தபோது சுமார் 6 லட்சம் பேரின் பார்வை காப்பாற்றப்பட்டதாகவும், இரண்டரைக் கோடி ஹெக்டேர் நிலம் மீண்டும் குடியிருக்கவும் பயிர் செய்யவும் உகந்ததானதாகவும் மதிப்பிட்டார்கள். 2025 ஜனவரியில் நைஜர் இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. ஆப்பிரிக்காவில் அந்தச் சான்று பெற்ற முதல் நாடு அது.

நம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பணமும் தொழில்நுட்பமும் வெளியிலிருந்து வந்தன. ஆனால் நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு கூட்டுக்குழு இருந்தது. வேலையைக் கடைசிப்படியில் நடத்தியது ஊர் ஜனம். பணம் போட்டவர்களும் பாதியில் ஓடவில்லை.

லாகோஸ் ஒரு பக்கம், வாஷிங்டன் ஒரு பக்கம்

இப்போது இதற்கு நேர்மாறான கதை. 1980-இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் கூடி ஒரு செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். மூலப்பொருளை விற்றுவிட்டு மற்றதையெல்லாம் இறக்குமதி செய்யும் நிலை மாற வேண்டும், உணவில் தன்னிறைவு வேண்டும், நாடுகள் தங்களுக்குள் வியாபாரத்தைப் பெருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இதை உருவாக்குவதில் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையத்துக்கும், அதன் செயலாளராக இருந்த நைஜீரியப் பொருளாதார அறிஞர் அடெபாயோ அடெடெஜிக்கும் பெரிய பங்கு உண்டு.

மறு வருஷமே, 1981-இல், உலக வங்கி வேறோர் அறிக்கையை வெளியிட்டது. சிக்கல் வெளியில் இல்லை, ஆப்பிரிக்க அரசுகளின் கொள்கைகளில்தான் இருக்கிறது, நாணய மதிப்பைக் குறை, மானியத்தை வெட்டு, சந்தையைத் திற என்றது அது. எண்ணெய் விலை ஏறி, விளைபொருள் விலை விழுந்து, கடன் கழுத்தை நெரித்த சமயம் அது. லாகோஸ் திட்டத்தின் கையில் காகிதம் இருந்தது. வாஷிங்டனின் கையில் காசோலை இருந்தது. எது ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 'கட்டமைப்புச் சீரமைப்பு' வருஷங்களில் பல நாடுகளில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கட்டணம் வந்தது. உலக வங்கி சொன்னதெல்லாம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நாணயத்துக்குப் பொய் மதிப்பு வைத்துக்கொண்டு, நஷ்டத்தில் ஓடும் அரசு நிறுவனங்களைக் கட்டி அழுத அரசுகள் அங்கே இருந்தது உண்மை. நம் நாடும் 1991-இல் தங்கத்தை அடகு வைத்து, ஐ.எம்.எஃப். வாசலில் நின்றதுதான். ஆனால் நமக்கு ரிசர்வ் வங்கியும் திட்டக் கமிஷனும் அனுபவப்பட்ட அதிகாரிகளும் இருந்ததால், எந்த மாற்றத்தை எப்போது செய்வது என்பதில் நம் பேச்சுக்கும் இடம் இருந்தது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. 1989-இல் அடெடெஜியின் ஆணையம் ஒரு மாற்றுத் திட்டத்தை வெளியிட்டு, வளர்ச்சியில் மனிதனை மறந்துவிட்டீர்களே என்று வாதாடியது. ஐ.நா. குடும்பத்துக்குள்ளேயே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோடு வழக்காடிய கதை இது.

பின்னால் காற்று திரும்பியது. 1996-இலும் 2005-இலும் கடன் தள்ளுபடித் திட்டங்கள் வந்தன. உகாண்டா 1997-இல், தான்சானியா 2001-இல், கென்யா 2003-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கின. லட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் நடுவில் போன அந்தப் பதினைந்து இருபது வருஷம் ஒரு தலைமுறையின் படிப்பு. அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இரண்டு நோட்டு, ஒரு குமாஸ்தா

2001-இல் 'நெபாட்' என்ற பெயரில் ஆப்பிரிக்கத் தலைவர்களே ஒரு வளர்ச்சிக் கூட்டுத்திட்டத்தை வகுத்தார்கள். இந்த முறை ஐ.நா. பொதுச்சபை அடுத்த வருஷமே அதை வரவேற்று, ஆப்பிரிக்காவுக்கு வரும் உலக உதவி இந்தச் சட்டத்துக்குள் வரட்டும் என்றது. மாற்றம் சிறியதாகத் தெரியும். ஆனால் திட்டத்தின் தலைப்பில் யார் பெயர் என்பது மாறிவிட்டது.

2015 ஜனவரியில் ஒன்றியம் 'செயல்திட்டம் 2063'-ஐ ஏற்றது. 1963-இல் தொடங்கிய அமைப்புக்கு 2063-இல் நூறு வயது ஆகும் அல்லவா, அதனால் அந்தப் பெயர். அதில் 20 இலக்குகள். அதே வருஷம் செப்டம்பரில் ஐ.நா. 2030-க்கான 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை அறிவித்தது. ஒரு சின்ன நாட்டின் திட்ட அமைச்சகத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். இருபதுக்கு ஒரு நோட்டு, பதினேழுக்கு ஒரு நோட்டு. போதாததற்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு படிவம். வேலை செய்ய நேரம் எங்கே?

இதை உணர்ந்துதான் 2018 ஜனவரியில் ஐ.நா.வும் ஒன்றியமும் இரண்டு திட்டங்களையும் சேர்த்து நடத்த ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இரண்டு பட்டியலையும் பொருத்தி, ஒரே அறிக்கையில் கணக்குக் காட்ட வழி செய்யும் கருவியைப் பொருளாதார ஆணையம் உருவாக்கியது. கேட்க சுவாரஸ்யம் இல்லாத வேலை. ஆனால் கூட்டுறவு என்பது பாதிக்கு மேல் இந்த மாதிரி வேலைதான்.

கண்டம் தழுவிய தடையில்லா வர்த்தக ஒப்பந்தமும் இப்படித்தான் உருவானது. 2018 மார்ச் 21 அன்று ருவாண்டாவின் கிகாலியில் 44 நாடுகள் கையெழுத்திட்டன. 2021 ஜனவரி 1 முதல் அதன் கீழ் வியாபாரம் தொடங்கியது. அரசியல் முடிவு ஒன்றியத்தினுடையது. கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் ஐ.நா.வின் ஆணையம் முக்கியமானது. ஆப்பிரிக்காவின் வியாபாரத்தில் நாடுகளுக்குள் நடப்பது 15 சதவீத அளவில்தான் இருந்து வந்திருக்கிறது. ஆகவே போக வேண்டிய தூரம் அதிகம்.

சந்தா பாக்கி

சங்கம் நடத்திப் பழகிய நமக்கு இந்தப் பகுதி உடனே புரியும். மாதச் சந்தா ஒழுங்காக வராத சங்கம் என்ன செய்யும்? ஆண்டு விழாவுக்கு நன்கொடையாளரைத் தேடிப் போகும். அவரும் தாராளமாகக் கொடுப்பார். பிறகு மேடையில் யாரை ஏற்றுவது, எந்த நிகழ்ச்சியை எடுத்துவிடுவது என்று மெல்லச் சொல்ல ஆரம்பிப்பார். பொருளாளராக இருந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நிலைமையும் இதுதான். திட்டச் செலவின் பெரும்பகுதி ஐரோப்பிய ஒன்றியம் முதலிய வெளியாரிடமிருந்து வந்தது. அடிஸ் அபாபாவில் 2012-இல் திறந்த தலைமையகக் கட்டடமே சுமார் 20 கோடி டாலர் செலவில் சீனா கட்டிக் கொடுத்த பரிசு. இந்த நிலையை மாற்ற 2015-இல் ஒரு முடிவெடுத்தார்கள். நிர்வாகச் செலவு முழுவதையும், திட்டச் செலவில் 75 சதவீதத்தையும், அமைதிப் பணிச் செலவில் 25 சதவீதத்தையும் உறுப்பு நாடுகளே ஏற்க வேண்டும் என்பது அது. 2016 ஜூலையில் கிகாலி மாநாடு அதற்கு வழியும் சொன்னது: வெளியிலிருந்து வரும் இறக்குமதியின் மேல் 0.2 சதவீதத் தீர்வை. நூறு ரூபாய்க்கு இருபது காசு. எல்லா நாடுகளும் அமல்படுத்தவில்லை. ஆனால் சில நாடுகளாவது வசூலிக்கத் தொடங்கின. பையில் சொந்தக் காசு இருந்தால்தான் பேச்சிலும் சொந்தக் குரல் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் நமக்குப் பழக்கமானதே. ஒரே ஆள் நாலு சங்கத்தில் உறுப்பினராக இருப்பது! ஒன்றியம் அங்கீகரித்த வட்டாரப் பொருளாதாரச் சமூகங்கள் எட்டு. காங்கோ ஜனநாயகக் குடியரசு மட்டும் அவற்றில் நான்கில் இருக்கிறது. மறுபுறம் மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கச் சமூகமான எக்கோவாஸிலிருந்து வெளியேறிவிட்டன.

ஊசியும் பாடமும்

கொரோனா காலம் இந்த உறவுக்கு வந்த கடும் பரீட்சை. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தர உலக சுகாதார நிறுவனம் முதலிய அமைப்புகள் 'கோவாக்ஸ்' என்ற ஏற்பாட்டைச் செய்தன. அது பெரிதும் நம்பியிருந்தது புனேயில் உள்ள சீரம் நிறுவனத்தை. 2021 மார்ச்சில் இரண்டாம் அலை நம் வீடுகளையே சூறையாடத் தொடங்கியதும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி நின்றது. தில்லியில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்த நமக்கு அந்த முடிவின் காரணம் நன்றாகவே தெரியும். ஆனால் அதன் விளைவு ஆப்பிரிக்காவில் விழுந்தது. 2021 முடிவில் அங்கே பத்தில் ஒருவருக்குக்கூட முழுத் தடுப்பூசி கிடைக்கவில்லை.

நல்ல வேளையாக, ஒன்றியம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. தானே ஒரு கொள்முதல் அமைப்பை நிறுவி, ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் 200 கோடி டாலர் உத்தரவாதத்தோடு, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்திடம் 22 கோடி டோஸ் கேட்டு ஒப்பந்தம் போட்டது. பிறகு உலக வங்கி நிதி உதவிக்கு வந்தது. யுனிசெஃப் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்தது. இங்கே வரிசை மாறியிருப்பதைக் கவனியுங்கள். முதலில் கண்டத்தின் முடிவு. அதற்குப் பின்னால் உலக அமைப்புகளின் துணை.

இந்தப் பாடம் 2024-இல் எம்பாக்ஸ் நோய் பரவியபோது பயன்பட்டது. ஒன்றியத்தின் நோய்த்தடுப்பு மையம் ஆகஸ்ட் 13-ஆம் தேதி நெருக்கடி நிலையை அறிவித்தது. மறுநாள் உலக சுகாதார நிறுவனமும் அறிவித்தது. பிறகு இருவரும் சேர்ந்து ஒரே திட்டம், ஒரே வரவுசெலவு என்று வேலை செய்தார்கள். தடுப்பூசியும் பணமும் தாமதமாகத்தான் வந்தன. இருந்தாலும் தனித்தனி ஏற்பாடாக ஓடாமல் ஒன்றாக நின்றது புது விஷயம்.

கலாம் சொன்ன யோசனை

நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2004-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தென்னாப்பிரிக்காவில் அகில ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது, செயற்கைக்கோள் வழியாகவும் கண்ணாடி இழை வழியாகவும் ஆப்பிரிக்க நாடுகளை இந்திய மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் இணைக்கும் யோசனையை முன்வைத்தார். செலவு இந்தியாவினுடையது. ஆனால் 2005-இல் ஒப்பந்தம் போட்டது தனித்தனி நாடுகளோடு அல்ல, ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு. 2009-இல் தொடங்கிய இந்த இணைப்பில் 48 நாடுகள் வரை சேர்ந்தன. செனகலின் டக்கார் நகரில் மைய நிலையம். பாடம் நடத்திய பல்கலைக்கழகங்களில் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. 2017-இல் முதல் கட்டம் முடிந்து, 2019-இல் இணையவழித் திட்டமாக மறுபடி தொடங்கியது. ஒன்றியத்தை நடுவில் வைத்துக்கொண்டு உதவி செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்றைய நிலை

2025-இல் அமெரிக்கா தன் அயலுதவி நிறுவனத்தை மூடியது. ஐரோப்பிய நாடுகள் சிலவும் உதவியைக் குறைத்தன. எங்கோ ஒரு தலைநகரில் போட்ட ஒரு கையெழுத்தால் ஆப்பிரிக்கக் கிராமத்து மருந்தகம் பூட்டப்படுகிறது என்றால், அந்த மருந்தகம் உண்மையில் யாருடையதாக இருந்தது? 2001-இல் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் தங்கள் பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதைக் காப்பாற்றவில்லை. அந்த வாக்கு நிறைவேறியிருந்தால் அடி இவ்வளவு பலமாக விழுந்திருக்காது. ஆகவே குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை.

என் முடிவு இதுதான். உலக அமைப்பு வேண்டும். ஏனென்றால் நோய்க்கும் கடனுக்கும் எல்லை கிடையாது, இவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் ஒரு கண்டத்துக்குள் மட்டும் கிடைக்காது. கண்டத்தின் சொந்த அமைப்பும் வேண்டும். ஏனென்றால் 55 நாடுகள் தனித்தனியே போய் நின்றால் யாரும் மதிப்பதில்லை, திட்டம் தன்னுடையது என்று சொல்ல ஆள் இருக்காது. ஒருவர் வேலையை மற்றவர் செய்யப் புகுந்தபோதெல்லாம் ஜனங்கள் கஷ்டப்பட்டார்கள். அவரவர் வேலையை அவரவர் செய்தபோது ஆற்றங்கரை நிலத்தில் மறுபடியும் ஏர் ஓடியது.

நம் பிள்ளைகள் பலர் இன்று மருந்துக் கம்பெனி, தொலைத்தொடர்பு, கட்டுமானம் என்று கென்யாவுக்கும் நைஜீரியாவுக்கும் உத்தியோகத்துக்குப் போகிறார்கள். போகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையோ ஆஸ்பத்திரியையோ பார்த்தால், வாசலில் எந்த நாட்டுக் கொடி வரைந்திருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல், இதற்குத் திட்டம் போட்டது யார், அடுத்த வருஷச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, கணக்குக் கேட்பது யார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பதில் அந்த ஊர்க்காரரிடமே கிடைத்தால், அது நிற்கும்.